எப்ப இருந்து வலிக்குது?

“எப்ப இருந்தும்மா வலிக்குது?” எலும்பு மூட்டுப் பிரிவின் புறநோயாளி அறையில் ஒரு காலைப்பொழுதுக்குள் ஐம்பது அறுபது முறை கேட்கப்படும் கேள்வி இது. எதிரே சுமை தூக்கும் தொழிலாளி இருந்தால் பதில் சட்டென்று வரும்: “போன செவ்வாக்கிழமை சார். சிமெண்ட் மூட்டை எறக்கும்போது சுளீர்னு பிடிச்சுது.” ஜவுளிக்கடையில் நிற்கும் பெண் இருந்தால், “அது ரொம்ப நாளாவே இருக்குங்க” என்பார். இருவருக்கும் இடுப்பில்தான் வலி. முதல் சீட்டில் எக்ஸ்ரே, ஒரு வார ஓய்வு, சான்றிதழ் எல்லாம் ஏறும். இரண்டாவது சீட்டில் கால்சியம் மாத்திரை, ஐந்து நாளைக்கு வலி மாத்திரை, கூடவே ‘உடம்பைக் குறைங்க’ என்று ஒரு சொல். எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. நேரம் எடுத்துக் கேட்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் இந்த இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே உள்ள தூரம் மனசை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

கேள்வியில் தப்பில்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி, அல்லது போய்ப் போய்த் திரும்பி வரும் வலி, நாள்பட்ட வலி என்று மருத்துவம் வகுத்திருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நாள் கேட்கிறார்கள். தப்பு அதற்கு அப்புறம் நடக்கிறது. தேதி சொல்ல முடிந்த வலி ‘அடி’ ஆகிவிடுகிறது, அதற்குக் காரணம் இருக்கிறது, பொறுப்பு இருக்கிறது. தேதி சொல்ல முடியாத வலி ‘உடம்பு’ ஆகிவிடுகிறது. வயசு, எடை, மாதவிலக்கு நிற்கிற பருவம், சத்துக்குறைவு என்று அதன் காரணமெல்லாம் அந்தப் பெண்ணுக்குள்ளேயே தேடப்படுகிறது. வேலை செய்யும் இடத்தின் தரையை யாரும் கேட்பதில்லை.

உலகம் முழுக்க 2020இல் கீழ்முதுகு வலியோடு இருந்தவர்கள் 61.9 கோடிப் பேர் என்பது ஒரு பெரிய உலகளாவிய கணக்கு. எல்லா வயதிலும் பெண்களின் விகிதமே அதிகம். இதைச் சொன்னதும் ஹார்மோன் பேச்சு வந்துவிடும். ஹார்மோன் இல்லை என்று நான் வாதாடவில்லை. ஆண் பெண் உடல்களில் வலி ஓடும் பாதையே ஓரளவு வேறு. கனடாவின் வலி ஆய்வாளர் ஜெஃப்ரி மோகில் குழு 2015இல் எலிகளில் காட்டியது இது: ஆண் எலிகளில் தண்டுவடத்தின் ஒருவகை நோயெதிர்ப்பு செல் வலியைப் பெருக்குகிறது, பெண் எலிகளில் அந்த வேலையை வேறொரு செல் செய்கிறது. அதற்குப் பத்து வருடம் முன்பே அதே மோகில் ஒரு கணக்கெடுத்திருந்தார். வலி பற்றிய முதன்மையான ஆய்விதழில் பத்தாண்டுகளில் வந்த விலங்கு ஆய்வுகளில் குறைந்தது 79 சதவீதம் ஆண் விலங்குகளை மட்டுமே வைத்துச் செய்தவை. வலி மாத்திரைக்குப் பின்னால் இருக்கும் அறிவே பெரும்பாலும் ஆண் எலியிடமிருந்து வந்தது. அது தனிக் கதை. ஆனால் ஹார்மோன் யாரையும் பத்து மணி நேரம் கிரானைட் தரையில் நிறுத்திவைப்பதில்லை.

தரையும் காலும்

மாடி மாடியாக எழும்பி நிற்கும் ஒரு ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவை எடுத்துக்கொள்ளலாம். காலை ஒன்பதரைக்குக் கவுன்டருக்குப் பின்னால் நின்றால் இரவு எட்டரை, ஒன்பது வரை. ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் இன்னும் நீளும். தரை கிரானைட் அல்லது வழவழப்பான டைல்ஸ். பல கடைகளில் ஊழியர்கள் வெறுங்காலோடு, மிஞ்சிப்போனால் தேய்ந்த ரப்பர் செருப்போடு.

அசையாமல் நிற்பது ஓய்வு மாதிரி தெரியும். உடம்புக்கு அது வேலை. கால்களிலிருந்து ரத்தம் மேலே ஏற ஆடுசதைதான் பம்பு. நடக்கும்போது அது இறுகித் தளர்ந்து ரத்தத்தைத் தள்ளுகிறது. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் பக்கத்துச் சிரையில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில், அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் பாதரச அளவில் நிற்கும். நடக்கத் தொடங்கினால் பத்துப் பன்னிரண்டு எட்டுக்குள் 30க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அந்த அழுத்தம் வருடக்கணக்கில் இறங்காமலே இருந்தால் சிரையின் வால்வுகள் கசியத் தொடங்கும், சாயங்காலம் கணுக்கால் வீங்கும், பிறகு அந்தச் சிரையே சுருட்டிக்கொண்டு தோலுக்கு மேலே தெரியும். இன்னொரு பக்கம், உடம்பை நிமிர்த்திப் பிடிக்கும் முதுகுத் தசையும் ஆடுசதையும் லேசாக, ஆனால் விடாமல் இறுகியே இருக்கும். இறுகிய தசை தனக்குள் ஓடும் ரத்தக்குழாயைத் தானே நெரிக்கும். அதனால் பெரிய பாரம் எதுவும் தூக்காமலே அது களைத்துப்போகிறது. நேரம் ஆக ஆக ஆள் ஒரு காலில் பாரத்தை மாற்றுவார், முட்டியைப் பின்னுக்குப் பூட்டி நிற்பார், கவுன்டரில் இடுப்பைச் சாய்ப்பார். மூன்றும் உடம்பு தானாகத் தேடும் வழிகள். மூன்றையும் பல கடைகளில் மேற்பார்வையாளர் ‘ஒழுங்கீனம்’ என்று தடுக்கிறார்.

நிற்பதோடு முடிவதில்லை. ஒரு பட்டுப் புடவை முக்கால் கிலோ வரும். பத்துப் புடவைக் கட்டு ஏழெட்டுக் கிலோ. அது தலைக்கு மேலே உள்ள தட்டில் இருந்தால் இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கி இறக்க வேண்டும், அடித்தட்டில் இருந்தால் இடுப்பை மடக்கி இழுக்க வேண்டும். வாடிக்கையாளர் ஒருவருக்கு முப்பது புடவை விரித்தால் முப்பதையும் மடிக்க வேண்டும். அகலமான கவுன்டரில் எதிர்ப்பக்கம் வரை குனிந்து விரிப்பதற்கும், கையை நீட்டியபடியே மடிப்பு தட்டுவதற்கும் தோள்பட்டையின் மேல்தசைதான் விலை கொடுக்கிறது. கழிப்பறை இரண்டு மாடி தள்ளி இருக்கும், போய்வரும் நிமிடம் கணக்கில் ஏறும், ஆகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். சிறுநீர்த் தொற்று வரும். அடிவயிற்றிலிருந்து இடுப்புக்குப் பரவும் அந்த வலியும் ‘இடுப்பு வலி’ என்ற ஒரே பெயரில் சீட்டில் ஏறும்.

அதே கடையில், ஏறக்குறைய அதே சம்பளத்தில், ஆண் ஊழியர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். குடோனுக்குப் போய்ச் சரக்கு எடுக்கிறார், மாடி ஏறி இறங்குகிறார், பண்டல் தூக்குகிறார், நடுவில் ஒரு டீக்குக் கீழே போய் வருகிறார். பாரம் அவருக்கு அதிகம், மறுக்கவே முடியாது. ஆனால் நடக்கிறார். கியூபெக் மருத்துவமனைகளின் துப்புரவுப் பணியைப் பணிச்சூழலியல் அறிஞர் கேரன் மெஸ்ஸிங் அருகிருந்து கவனித்தபோதும் இதே விஷயம்தான் வெளியே வந்தது. ‘கனமான வேலை’ ஆண்களுக்கு, ‘லேசான வேலை’ பெண்களுக்கு என்று பிரித்திருந்தார்கள். நீளக் கம்பில் துடைப்பவர் நிமிர்ந்து நடந்தார். கழிப்பறைத் தொட்டியைத் தேய்க்கும் ‘லேசான’ வேலைக்காரி குனிந்த முதுகு நிமிராமல் வேகவேகமாகச் செய்தார். திருப்பூர் பனியன் கம்பெனியிலும் இந்த ‘லேசான’ என்ற சொல் புழங்குகிறது. கட்டிங் மாஸ்டரும் அயர்ன் பண்ணுகிறவரும் பெரும்பாலும் ஆண்கள். கைமடி (டெய்லருக்கு உதவுவது), பிசிறு வெட்டுவது, செக்கிங் எல்லாம் பெரும்பாலும் பெண்கள். ஒன்றரை ஷிப்டில், காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை, கழுத்தைக் கீழே சாய்த்து ஒரே இடத்தில் நின்று துணியைப் புரட்டிப் பார்ப்பதை லேசு என்று சொல்லக் கழுத்துக்கு வாய் இல்லை.

நாற்காலிக்கு ஒரு சட்டம்

2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்க மசோதா வந்தது, பிறகு சட்டமானது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதியாக எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கேரளம் அதற்கு முன்பே, 2018இல், இதைச் செய்திருந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கேட்டது கழிப்பறை, பிறகு உட்கார ஓர் இடம். ‘பெண்கூட்டு’ என்ற அவர்களுடைய அமைப்பின் பல வருடப் போராட்டம் இல்லாமல் அந்தச் சட்டம் வந்திருக்காது. இங்கிலாந்தில் 1899லேயே கடைப் பெண்கள் மூன்று பேருக்கு ஒரு இருக்கை என்று சட்டம் போட்டார்கள். நமக்கு இன்னொரு 122 வருடம் ஆயிற்று.

சட்டம் வந்த பிறகும் ஸ்டூல் ஏன் காலியாகக் கிடக்கிறது? ‘வாய்ப்புக் கிடைக்கும்போது’ என்ற சொல்லில்தான் சிக்கல். வாய்ப்பு எப்போது என்று தீர்மானிப்பது மேற்பார்வையாளர். ஆள் இல்லாத நேரத்தில் ‘மடிச்சு வை, துடைச்சு வை’ என்பார், ஆள் வந்தால் எழுந்திரு என்பார். அடுத்தது ஸ்டூலின் உயரம். 45 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தால் கவுன்டருக்கு மேலே கண் மட்டுமே தெரியும், எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து முட்டிதான் போகும். கவுன்டர் வேலைக்கு வேண்டியது 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில், கால் வைக்க வளையத்தோடு, பாதி நின்ற நிலையில் சாய்ந்து உட்காரும் இருக்கை. கவுன்டரின் அடியில் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கால்விரல் நுழைய இடம் விட வேண்டும். அது இல்லாவிட்டால் ஆள் கவுன்டரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்பார், அந்த ஒரு சாண் தூரத்துக்கும் முதுகு முன்னே வளையும். நிற்கும் இடத்தில் பதினைந்து மில்லிமீட்டர் கனத்தில் ரப்பர் விரிப்பு. ஒரு காலை மாற்றி மாற்றி வைக்கப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கட்டை. கனமான பட்டு முட்டிக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தட்டில், லேசான சின்தெடிக் மேலேயும் கீழேயும். அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை நிற்கிறவரும் பில் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவரும் இடம் மாற வேண்டும். இதில் எதுவும் ஒரு தீபாவளி விளம்பரச் செலவின் பக்கத்தில்கூட வராது.

“வர்ற கஸ்டமர் முன்னாடி உக்காந்திருந்தா மரியாதையா இருக்காதே” என்பார்கள். இதைக் கேட்கும்போது காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகள் நினைவுக்கு வருகின்றன. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் விற்பவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார், வாங்க வந்த குடும்பம் எதிரே உட்காரும், நடுவே புடவை விரியும். கல்யாணப் பட்டே அப்படித்தான் வாங்கினோம். எந்தப் பாட்டியும் அதை அவமரியாதை என்று எழுந்து போனதில்லை. நின்றுகொண்டே விற்பதுதான் மரியாதை என்பது மாடிக் கடைகள் கொண்டுவந்த புது வழக்கம். அந்த வழக்கத்தின் பாரம் அங்கே நிற்கும் பெண்களின் குதிகாலில் இறங்கியிருக்கிறது.

இருபத்து நாலு மணி நேரத் தாள்

கடையோடு கணக்கை முடித்தால் பாதிதான் தெரியும். வலியை எண்ணால் அளக்கும் சோதனை எதைவிடவும் அதிகம் சொல்லும் ஒரு எளிய வேலை இருக்கிறது. ஒரு தாளில் இருபத்து நாலு கட்டம் போட்டு, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ‘நின்றேன், நடந்தேன், குனிந்தேன், தூக்கினேன், உட்கார்ந்தேன், படுத்தேன்’ என்று மட்டும் எழுதுவது. எங்கே வலிக்கிறது என்று எழுதவே வேண்டாம்.

கிராமத்திலிருந்து பக்கத்து டவுன் ஜவுளிக்கடைக்குப் போய்வரும் ஒரு பெண்ணின் தாள் ஏறக்குறைய இப்படி இருக்கும். நாலே முக்காலுக்கு எழுந்து வாசல், எட்டுக் குடம் தண்ணீர், சமையல், பிள்ளைகளைக் கிளப்புவது, எட்டு மணி. பஸ்ஸில் முக்கால் மணி நேரம், பெரும்பாலும் நின்று. ஒன்பதரையிலிருந்து ஒன்றரை வரை நின்று. சாப்பாட்டு நேரம் அரை மணி, அதில் மாடி ஏறி இறங்கியது போக உட்கார்ந்தது இருபது நிமிடம். திரும்ப எட்டரை வரை நின்று. இரவு பஸ். வீட்டில் தோசை சுட்டு, பாத்திரம் தேய்த்து, மறுநாளுக்கு யூனிஃபார்ம் புடவையை அலசிப் போட்டுப் படுக்கும்போது பதினொன்றே கால். பதினெட்டரை மணி நேரத்தில் உட்கார்ந்தது, பஸ்ஸில் இடம் கிடைத்த நாளில் ஒன்றேகால் மணி நேரம், கிடைக்காத நாளில் முப்பத்தைந்து நிமிடம். தூக்கம் ஐந்தரை மணி நேரம்.

பக்கத்தில் மண்டியில் மூட்டை தூக்கும் ஒருவரின் தாளை வைத்துப் பார்க்க வேண்டும். அவர் தூக்கும் ஒரு மூட்டை ஐம்பது கிலோ. அந்த ஒரு நிமிடத்தில் அவர் முதுகெலும்பின் மேல் ஏறும் பாரம் அந்தப் பெண்ணின் முழு நாளிலும் எந்த நிமிடத்திலும் ஏறாது. ஆனால் ஒரு லாரி ஒன்றரை மணி நேரத்தில் காலியாகும். அடுத்த லாரி வரும்வரை மூட்டைமேல் சாய்ந்து கிடப்பார், டீ குடிப்பார், கண் அயர்வார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கட்டிலில் உட்காருவார், தண்ணீர் கைக்கு வரும். பாரத்தைக் கோடாக வரைந்தால் அவருக்கு மேடு உயரம். இந்தப் பெண்ணுக்கோ பள்ளமே கிடையாது. தசையும் தசைநாரும் முதுகெலும்பின் வட்டுகளும் பழுது பார்த்துக்கொள்வது பள்ளத்தில்தான்.

எனக்கு இந்த விஷயத்தில் பிடி கிடைத்தது இந்த இடத்தில். ‘எவ்வளவு பாரம்’ என்று கேட்கும்வரை பெண்ணின் வலிக்குக் காரணம் தெரிவதே இல்லை. ‘எப்போது இறக்கி வைக்கிறார்’ என்று கேட்டதும் தெரிந்துவிடுகிறது. நாட்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வு இதை நிமிடத்தில் சொல்கிறது. 2019இல் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு 299 நிமிடம் அதில் செலவழித்தார், ஈடுபடும் ஆண் 97 நிமிடம். 2024இல் 289, 88. ஐந்து வருடத்தில் இரண்டு பக்கமும் சுமார் பத்து நிமிடம் குறைந்ததே தவிர இடைவெளி அசையவே இல்லை. அந்த இருநூறு நிமிடத்துக்குள் இருக்கிறது ஒரு பக்கத்து இடுப்பில் ஏறும் தண்ணீர்க் குடம். நிறைகுடம் பதினைந்து கிலோ, எப்போதும் அதே இடுப்பில், முதுகெலும்பு எதிர்ப்பக்கம் வளைந்தபடி. இதற்கு மேலே ரத்தசோகை. தேசியக் குடும்பநல ஆய்வில் 2019-21இல் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேர், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம் பேர். ஆண்களில் நாடு முழுக்க 25 சதவீதம். ஆக்சிஜன் குறைவாக வரும் தசை அதே வேலைக்குச் சீக்கிரம் களைக்கிறது.

பள்ளம் கிடைக்காத உடம்பில் ஒரு கட்டத்துக்குப் பிறகு நரம்பு மண்டலமே மாறுகிறது. திரும்பத் திரும்ப வந்த சமிக்ஞையால் தண்டுவடத்தின் நரம்புகள் கூர்மை ஏறி, சாதாரணத் தொடுதலையும் வலியாக மேலே அனுப்பத் தொடங்கும். 1983இல் நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபோர்ட் ஊல்ஃப் முதன்முதலில் இதைக் காட்டினார். தூக்கக் குறைவு அதை இன்னும் ஏற்றும். இந்தக் கட்டத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. “ஒண்ணுமில்லம்மா, எல்லாம் நார்மல்தான்” என்ற பதிலைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் வீட்டுக்குப் போகிறார். வீட்டில் இருப்பவர்களும் இனி அந்தப் பதிலையே திருப்பிச் சொல்வார்கள்.

உளையுது, குடையுது, எரியுது

பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. தமிழில் கேட்டால் வந்து கொட்டும். ‘கால் உளையுது’ என்பது சாயங்காலம் கூடி, காலைத் தூக்கி வைத்தால் குறைவது. தசைக்களைப்பும் சிரை அழுத்தமும் சேர்ந்த வலி அது. ‘காலைல முத அடி வைக்கறப்ப ஆணி குத்துற மாதிரி’ என்றால் பாதத்தின் அடிநார், குதிகாலோடு ஒட்டும் இடம். பத்து எட்டு நடந்ததும் குறையும், நின்று நின்று இரவில் திரும்ப ஏறும். ‘எரியுது, மதமதன்னு இருக்கு, கரண்டு அடிக்கற மாதிரி இழுக்குது’ என்றால் நரம்பு. ‘விண்விண்ணு தெறிக்குது’ என்றால் வீக்கம், அழற்சி. ‘உள்ள குடையுது’ என்று மூட்டைக் காட்டினால் அங்கே பார்க்க வேண்டும். இவை முடிவுகள் இல்லை, எங்கே தேடுவது என்பதற்கான துப்புகள். ஆனால் சீட்டில் இத்தனையும் ஒரே சொல்லாக, ‘உடம்பு வலி’ என்று போய்விடுகிறது.

வேலைக்குப் போகாத வேலை

சீட்டில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் இருக்கும். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் ஒரு பெண்ணிடம் கேட்டால், “வேலைக்கெல்லாம் போகல, வீட்லதான் இருக்கேன். பீடி சுத்துதேன்” என்பார். எழுதுகிறவர் ‘இல்லத்தரசி’ என்று எழுதிவிடுவார்.

கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆயிரம் பீடிக்குள் என்ன இருக்கிறது என்று விரல் கணக்குப் போட்டால், ஒவ்வொரு பீடிக்கும் இலையை அளவுக்கு வெட்ட வேண்டும், தூளை நிரப்பிச் சுருட்ட வேண்டும், நூல் சுற்ற வேண்டும், முனையை மடக்கி அமுக்க வேண்டும். குறைந்தது நாலு முறை கட்டைவிரல் இறுகுகிறது. ஆயிரத்துக்கு நாலாயிரம். மடியில் தட்டு, தரையில் உட்கார்ந்து, கழுத்து குனிந்து. கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டு வழியாக இரண்டு தசைநார்கள் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. உரசி உரசி உறை தடித்து வலி வரும். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரலால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பார்த்தால், அது இருந்தால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். புறநோயாளி அறையிலேயே பத்து நொடியில் செய்யக்கூடிய சோதனை.

எது அதைக் கூட்டுகிறது என்பதும் வேலையிலேயே இருக்கிறது. சரியாக நனையாத இலை முறுக்கேறி நிற்கும், சுருட்ட இரட்டிப்பு அழுத்தம் வேண்டும். முந்தின இரவே நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்தால் இலை வசப்படும். மொண்ணைக் கத்தரி பிடியை இறுக்கும், சாணை பிடிப்பதும் ஒரு மருந்துதான். தரமில்லாத இலை கொடுத்தால் ஓட்டையும் கிழிசலும் போக எண்ணிக்கை வராது, குறைகிற எண்ணிக்கையை நிரப்ப இரவு நீளும். ஆயிரம் இலையையும் ஒரே மூச்சில் வெட்டி, அப்புறம் ஒரே மூச்சில் சுற்றுவதைவிட, ஒரு மணி நேரம் வெட்டு, ஒரு மணி நேரம் சுற்று என்று மாற்றினால் ஒரே தசைநார் விடாமல் தேய்வது குறையும். சுவரில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை நீட்டி, தட்டின் அடியில் சின்ன மணைப்பலகை வைத்து உயர்த்தினால் கழுத்து அவ்வளவு குனியாது. மூத்த பெண்களில் சிலர் இதையெல்லாம் தாங்களாகவே செய்துகொள்கிறார்கள்.

மணிக்கட்டுத் தசைநார் அழற்சி, மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுவது, முழங்கைத் தசைநார் வலி ஆகியவற்றைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. நம் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் 29 நோய்கள் இருந்தன. ஈயம், பாதரசம், சிலிக்கோசிஸ், இரைச்சலால் காது மந்தமாவது எல்லாம் உண்டு. நிற்பதாலும் குனிவதாலும் ஒரே அசைவைத் திரும்பச் செய்வதாலும் வரும் வலி அதில் இல்லை. 1923 இழப்பீட்டுச் சட்டம் தொடங்கி, பட்டியலில் இல்லாத நோய்க்கு நம் ஏற்பாடு பெரும்பாலும் கேட்பது ‘விபத்து’. விபத்துக்குத் தேதி உண்டு. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ளவர்களுக்கு 70 சதவீதச் சம்பளத்தோடு வருடத்துக்கு 91 நாள் வரை நோய்க்கால உதவி உண்டு, ஆனால் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம், பதிவேட்டில் பெயர், போதிய நாள் சந்தா எல்லாம் வேண்டும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றுகிறவருக்கு ஓய்வு என்பது அன்றைய எண்ணிக்கை போவது, அவ்வளவுதான்.

ஆண்களின் பக்கமும் சொல்லியாக வேண்டும். மூட்டை தூக்குகிறவர், லாரி ஓட்டுகிறவர், கட்டட வேலை செய்கிறவர் வலியை வெளியே சொல்லாமல் இருப்பதுதான் ஆண்பிள்ளைத்தனம் என்று வளர்க்கப்பட்டவர்கள். கால் மரத்துப்போகும்வரை மருத்துவரிடம் வரமாட்டார்கள். வரும்போது வட்டு பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருக்கும். பலர் வலியைக் குடியில் கரைக்கிறார்கள். நாற்பத்தைந்து வயதில் வேலையிலிருந்து விழுந்தால் அதற்குப் பிறகு வீட்டின் வருமானமும் வீட்டுப் பெண்ணின் தலையில் ஏறும், அவருடைய தாளில் மிச்சமிருந்த உட்காரும் நிமிடமும் போகும்.

இரண்டு பேருக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு: சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் வாங்கும் வலி மாத்திரையும், ‘வலி ஊசி’யும். டைக்ளோஃபெனாக் வகை மாத்திரையைத் தினமும் போட்டால் வயிற்றில் புண் வரும், ரத்தம் கசியும், ஏற்கெனவே உள்ள ரத்தசோகை கூடும். தண்ணீர் குடிக்காமல் நிற்கிற உடம்பில் சிறுநீரகத்துக்கு அது இன்னும் கெடுதல். பெயர் இல்லாத பொட்டலத்தில் வண்ண வண்ணமாகக் கொடுக்கும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். இரண்டே நாளில் அதிசயமாகக் குணம் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். கால் பலமிழப்பது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, இரவில் எழுப்பும் வலி, காய்ச்சலோடு முதுகுவலி, எடை குறைவது, ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்குவது ஆகியவற்றை ‘நின்ற வலி’ என்று வீட்டில் வைத்திருக்கவே கூடாது.

மருத்துவரிடம் போகும்போது அந்த இருபத்து நாலு கட்டத் தாளை ஒரு வாரத்துக்கு எழுதிக் கையில் கொண்டுபோவது உதவுகிறது. எழுத வராதவருக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதித் தரும். இரண்டு நிமிடம்தான் கிடைக்கும் என்றால் மூன்று விஷயத்தை முதலில் சொல்ல வேண்டும்: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எந்த நிலையில், எத்தனை வருடமாக, வேலை இல்லாத நாளில் வலி குறைகிறதா. மூன்றாவது கேள்விக்குப் பல பெண்கள் யோசித்துவிட்டு, “வேலை இல்லாத நாள்னு ஒண்ணு இல்லியே” என்பார்கள். அதையும் அப்படியே சொல்லலாம்.

எழுதுகிறவர் பக்கம் இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. தொழில் என்ற கட்டத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதும் இடத்தில், “பீடி, நாளுக்கு 700, தரையில் உட்கார்ந்து, 14 வருடம், வலது கை” என்று எழுதலாம். “ஜவுளிக்கடை, 10 மணி நேரம், கிரானைட், வெறுங்கால்” என்று எழுதலாம். கட்டம் சின்னதுதான். கொஞ்சம் பொடியாக எழுதினால் இடம் பிடிக்கும்.